மண்பாண்டத்தில் வைக்கப்பட்ட கிரயப்பத்திரம்

தியானத்திற்கான வேதபகுதிகள்: ஆதியாகமம் 15, சங்கீதம் 89, எரேமியா 32:1-15, மாற்கு 12:18-27

கர்த்தருக்குள் அன்பான திருச்சபையாரே,

கர்த்தர் தமது உடன்படிக்கையில் உண்மையுள்ளவர் என்பதை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன். இது நாம் சிறுவயதிலிருந்தே கேட்டுவரும் சத்தியம். ஆயினும் வாழ்க்கையின் சில நாட்களில் மிகவும் கடினமாகத் தோன்றுகிற சத்தியமும் இதுவே.

ஆண்டின் இறுதி நாள் இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நமக்கு நன்கு பழக்கமானது. நள்ளிரவு மணி ஒலித்ததும், சிறியோரும் பெரியோரும் வரிசையாக வந்து தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுக்கிறோம். வசனத்தை வாசித்த உடனே முகங்கள் மலர்வதை ஆலயத்தின் முன்பகுதியில் நின்று ஒவ்வோர் ஆண்டும் நான் பார்க்கிறேன். பின்பு அந்த அட்டைகள் வேதாகமத்தின் நடுவிலும், பீரோ கண்ணாடியின் ஓரத்திலும், சிலருடைய பணப்பையிலும் ஆண்டு முழுவதும் இடம்பெறுகின்றன. தேவனுடைய வார்த்தையை ஆண்டின் முதல் மணி நேரத்தில் கையில் பிடித்துக்கொள்வது நல்ல வழக்கமே.

சில ஆண்டுகளுக்கு முன்பு, டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில், நம் திருச்சபையின் சகோதரி ஒருவர் என்னைக் காண வந்தார். பெயர் குறிப்பிடாமல் இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார். அந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய கணவர் நாற்பத்தாறு வயதில் மாரடைப்பால் மரித்திருந்தார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தனர். அவர் தமது பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் மேசையின்மேல் வைத்தார். அதில் தொண்ணூற்றோராம் சங்கீதத்தின் கடைசி வசனம் அச்சிடப்பட்டிருந்தது. நீடித்த நாட்களைப் பற்றிய வசனம் அது.

“ஐயா, இதை அவர்தான் எடுத்தார். நம் குடும்பத்துக்கு இந்த ஆண்டு இதுதான் என்று சொல்லி அடுப்பங்கரை அலமாரியில் ஒட்டினார். கிழித்துப் போடவும் எனக்கு மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கர்த்தர் சொன்னதைச் செய்கிறவர் என்று நீங்கள் பிரசங்கிக்கிறீர்கள். இதைச் செய்தாரா ஐயா?” என்று கேட்டார்.

அன்று நான் அவரோடு அமர்ந்து ஜெபித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. யோபுவின் நண்பர்கள் அவனுக்குச் செய்த மெய்யான ஊழியம், ஏழு நாட்கள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததே. வாய் திறந்த பின்புதான் அவர்கள் அவனுக்குப் பாரமானார்கள். ஆனால் அந்தச் சகோதரியின் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. நம்மில் அநேகர் அதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் சுமந்து வருகிறீர்கள் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

கேட்கக்கூடாத கேள்வியா?

முதலாவது, இப்படிக் கேட்பது அவிசுவாசம் என்று எவரும் எண்ண வேண்டாம். இறையியல் கல்லூரியில் எபிரெய மொழி பயின்ற நாட்களில், எங்கள் ஆசிரியர் ஒருநாள் சங்கீதம் 89-ஐக் கையில் கொடுத்து, ‘உண்மை’ என்ற பொருள் தரும் ‘எமூனா’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னார். ஏழு முறை வருகிறது. நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ‘ஆமென்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தது. அசையாதது, சாய்ந்து நிற்கத் தகுந்தது என்பது அந்த வேரின் கருத்து.

அந்தச் சங்கீதத்தில் 52 வசனங்கள் உண்டு. முதல் 37 வசனங்களில் கர்த்தர் தாவீதோடு செய்த உடன்படிக்கை புகழப்படுகிறது. அவனுடைய சிங்காசனம் சூரியனைப்போலவும் சந்திரனைப்போலவும் நிலைநிற்கும் என்று சங்கீதக்காரன் பாடுகிறான். 38-ஆம் வசனத்தில் பாடலின் குரல் மாறுகிறது. மதில்கள் தகர்ந்துவிட்டன, கிரீடம் தரையில் விழுந்துவிட்டது, கர்த்தரே தமது உடன்படிக்கையை ஒழித்துவிட்டார் என்று அவன் அவருடைய முகத்துக்கு நேராகவே முறையிடுகிறான். ‘உண்மை’ என்ற அந்தச் சொல் ஏழாம் முறையாக வருவது 49-ஆம் வசனத்தில். அங்கே அது துதியாக வரவில்லை. நீர் உண்மையாய் ஆணையிட்டுக் கொடுத்த அந்தப் பழைய கிருபைகள் எங்கே என்ற கேள்வியாக வருகிறது. அந்தக் கேள்விக்குச் சங்கீதத்துக்குள் பதில் இல்லை. ஆயினும் தேவன் அதைத் தமது ஜனத்தின் பாடல் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை. இஸ்ரவேலர் அதை ஆராதனையில் பாடினார்கள். தமது வாக்குத்தத்தத்தைக் காட்டித் தம்மிடம் வழக்காடும் பிள்ளையை நம்முடைய தேவன் புறம்பே தள்ளுகிறதில்லை.

பிளவுண்ட துண்டங்களின் நடுவே நடந்தவர்

உடன்படிக்கையின் தன்மையை அறிய, ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்துக்குச் செல்வோம். ஆபிராமுக்குப் பிள்ளை இல்லை. ஒரு முழ நிலமும் சொந்தமில்லை. வானத்து நட்சத்திரங்களைப் போன்ற சந்ததியும் தேசமும் தருவேன் என்று கர்த்தர் சொன்னபோது, அவன் விசுவாசித்தான். அடுத்த மூச்சிலேயே, இதை நான் எதினால் அறிவேன் என்றும் கேட்டான். விசுவாசமும் கேள்வியும் ஒரே மனிதனுக்குள், ஒரே இரவில் இருந்தன. கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொன்னார்.

எபிரெய மொழியில் உடன்படிக்கை செய்வதை ‘உடன்படிக்கையை வெட்டுதல்’ என்றே சொல்வார்கள். மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிராக வைத்து, உடன்படிக்கை செய்கிறவர் அவற்றின் நடுவே நடந்து போவார். ‘நான் சொல் தவறினால் இந்த மிருகத்துக்கு நேர்ந்தது எனக்கு நேரட்டும்’ என்பது அந்த நடையின் பொருள். எரேமியா 34-ஆம் அதிகாரத்தில், கன்றுக்குட்டியின் துண்டங்களின் நடுவே கடந்துபோய் ஆணையிட்டு, பின்பு ஆணையை முறித்த எருசலேமின் பிரபுக்களைக் கர்த்தர் நியாயந்தீர்க்கும்போது இந்த வழக்கத்தையே சுட்டிக்காட்டுகிறார்.

ஆபிராம் துண்டங்களை அடுக்கிவிட்டுக் காத்திருந்தான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாம்சத்தின்மேல் இறங்கிய பறவைகளை அவன் துரத்திக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்தபோது அயர்ந்த நித்திரையும் பயங்கரமான இருளும் அவனை மூடிக்கொண்டன. அந்த இருளில் கர்த்தர் பேசினார். உன் சந்ததியார் அந்நிய தேசத்தில் 400 ஆண்டுகள் ஒடுக்கப்படுவார்கள் என்று முன்னதாகவே சொன்னார். தாமதத்தை அவர் மறைக்கவில்லை. உடன்படிக்கை செய்யப்பட்ட அதே இரவில் தாமதமும் அறிவிக்கப்பட்டது.

அதன் பின்பு புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோயின. சீனாய் மலையிலும் மேகஸ்தம்பத்திலும் பின்னாட்களில் காணப்போகும் அதே நெருப்பும் புகையும் கர்த்தருடைய பிரசன்னத்தின் அடையாளங்கள். அவர் கடந்துபோனார். ஆபிராமை நடக்கச் சொல்லவில்லை. தேவன் ஆபிரகாமிடத்தில் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தார் என்பதில் ஐயமில்லை. 17-ஆம் அதிகாரத்தில் விருத்தசேதனக் கட்டளை வருகிறது. ஆனால் உடன்படிக்கையின் அஸ்திபாரம், அதைச் செய்தவருடைய உயிரின்மேலேயே வைக்கப்பட்டது.

அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். ஆபிராமும் சாராயும் காத்திருக்க இயலாமல் ஆகாரின் வழியாகப் பிள்ளை தேடுகிறார்கள். பின்னும் சில அதிகாரங்கள் சென்றபின், கேராரில் ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்று சொல்கிறான். ஆபிரகாமின் கால்கள் தள்ளாடின, ஆனால் உடன்படிக்கை தள்ளாடவில்லை. அந்தத் துண்டங்களின் நடுவே பதிந்திருந்தவை அவனுடைய காலடிகள் அல்லவே.

நூறு ஆண்டுகளின் கணக்கு

ஆபிரகாம் ஆரானிலிருந்து புறப்பட்டபோது அவனுக்கு வயது 75. மரித்தபோது 175. வாக்குத்தத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நடந்தது சரியாக நூறு ஆண்டுகள். அந்த நூறு ஆண்டுகளின் முடிவில் அவன் கையில் இருந்தது என்ன?

ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 100. ஈசாக்குக்கு 60 வயதானபோது ஏசாவும் யாக்கோபும் பிறந்தார்கள். அப்படியானால் ஆபிரகாம் கண்மூடியபோது அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வயது 15. நட்சத்திரங்களைப்போல் என்று சொல்லப்பட்ட வாக்குத்தத்தத்தின் சந்ததியில் அவன் கண்ணால் கண்டது ஒரு மகனையும் இரண்டு பேரன்களையும்.

நிலத்தின் கணக்கு இன்னும் சிறியது. சாராள் 127-ஆம் வயதில் எபிரோனில் மரித்தபோது, அவளை அடக்கம்பண்ண ஆபிரகாமுக்கு இடமில்லை. ஏத்தியனாகிய எப்பெரோனிடத்தில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, மக்பேலா என்னும் குகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்கினான். கர்த்தர் வாக்குத்தத்தம் பண்ணின தேசத்தில் அவனுக்கு உரிமையான நிலம், மனைவியின் கல்லறைக்காக விலைகொடுத்து வாங்கியது மட்டுமே. ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம் முழுவதும் ஒரு கிரயத்தின் விவரமாக இருப்பது, வாசிக்கிறவர்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆனால் துக்கப்படுகிற எவருக்கும் அது மிகவும் அருகிலிருக்கும் அதிகாரம். வாக்குத்தத்தத்தின் மனிதனும் அடக்க ஆராதனைக்கு இடம் தேடி அலைந்திருக்கிறான்.

பதினேழு சேக்கல் வெள்ளி

இன்னொரு கிரயத்தையும் வேதாகமம் அதே அளவு நுணுக்கமாக விவரிக்கிறது. எரேமியா 32-ஆம் அதிகாரத்தில் காலம் சிதேக்கியா ராஜாவின் பத்தாம் ஆண்டு. நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா அரண்மனையின் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அங்கே அவனுடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான்.

இதைவிட மோசமான நிலக்கிரயம் இருந்திருக்க முடியாது. ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள சிற்றூர், பகைவரின் படை நிற்கும் நாட்டுப்புறத்தில் இருந்தது. அந்த ஊரார் எரேமியாவைக் கொன்றுபோட முன்பே திட்டமிட்டவர்கள். நகரம் விழும் என்று அறிவித்ததற்காகவே அவன் காவலில் இருந்தான். மேலும், விவாகம்பண்ண வேண்டாம் என்று கர்த்தர் அவனுக்குக் கட்டளையிட்டிருந்தபடியால், வாங்கிய நிலத்தை விட்டுச் செல்ல அவனுக்குப் பிள்ளையும் இல்லை.

ஆயினும் கர்த்தருடைய வார்த்தையின்படி அவன் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தான். பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளின் கையொப்பம் பெற்றான். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நம் ஊரில் நிலம் வாங்கி விற்றவர்கள் எவருக்கும் இந்த வசனங்கள் அந்நியமாக இரா. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாம் சொல்லும் ‘கிரயப்பத்திரம்’ என்ற சொல்லையே நம்முடைய தமிழ் வேதாகமமும் இங்கே பயன்படுத்துகிறது. பின்பு எரேமியா, பாருக்கின் கையில் இரண்டையும் கொடுத்து, அவை நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். மண்சாடி எவ்வளவு நாள் காக்கும் என்பதை நம் காலம் கண்டிருக்கிறது. 1947-ஆம் ஆண்டளவில் சவக்கடலின் ஓரத்துக் குகையில் கண்டெடுக்கப்பட்ட வேதச்சுருள்கள், ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் மண்சாடிகளுக்குள் காக்கப்பட்டிருந்தன.

இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பதே அந்தப் பத்திரத்தின் செய்தி. எரேமியா அதைக் காணவில்லை. நகரம் எரிந்தது, ஆலயம் இடிந்தது. அவன் தன் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டான். அந்த நிலத்தில் அவன் அறுவடை செய்ததாக வேதாகமத்தில் ஒரு வரியும் இல்லை.

இங்கே உங்களை ஒரு வசனத்துக்கு அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறேன். பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கட்டளைப்படி சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் அட்டவணை எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெயர்களும் எண்களும் நிறைந்த அந்த அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். 23-ஆம் வசனத்தில் நின்று பாருங்கள். ஆனதோத்தின் மனிதர், 128 பேர். எந்த ஊரில் எரேமியா நிலம் வாங்கினானோ அதே ஊர். நெகேமியா 7:27-லும் அதே எண்ணிக்கை வருகிறது. நெகேமியா 11:32, பென்யமீன் புத்திரர் குடியிருந்த ஊர்களின் பட்டியலில் ஆனதோத்தையும் சேர்க்கிறது.

கர்த்தருடைய உண்மை அங்கே எக்காளத்தோடு வரவில்லை. எவரும் நின்று வாசிக்காத ஒரு பட்டியலின் நடுவே, ஓர் எண்ணாக வந்து நின்றது. பத்திரத்தை எழுதியவன் அந்நிய மண்ணில் இருந்தான். ஆனால் பத்திரம் செல்லுபடியானது.

பனை நட்டவர்

‘தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்’ என்று நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. என் தகப்பனார் கிராமத் திருச்சபைகளில் உபதேசியாராக ஊழியம் செய்தவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றப்படுவார். சென்ற ஊரிலெல்லாம் மழைக்காலத்துக்கு முன்பு பனங்கொட்டைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய், ஆலயத்து நிலத்தின் வரப்போரமாகப் புதைப்பார். நானும் சிறுவனாய் அவர் பின்னே கூடையைச் சுமந்திருக்கிறேன். பனை பலன் தர பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அந்த ஊரில் நாங்கள் ஐந்து ஆண்டுகள் இருந்தாலே அதிகம். “யாருக்காக அப்பா?” என்று ஒருமுறை கேட்டேன். “வருகிறவர்களுக்கு” என்று மட்டும் சொன்னார்.

அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல ஆண்டுகள் கழித்து, அந்த ஊர்களில் ஒன்றுக்கு அறுப்பின் பண்டிகையில் தேவசெய்தி கொடுக்கச் சென்றேன். ஆலயத்தின் பின்னால் பனைகள் வரிசையாக நின்றன. ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்து, “நம்ம கோவில் மரம் ஐயா” என்றார். மரத்தை நட்டவர் யார் என்பது அவருக்குத் தெரியாது.

எபிரெயர் 11-ஆம் அதிகாரம் முற்பிதாக்களைப் பற்றிச் சொல்வதும் இதுவே. வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவற்றை அவர்கள் அடையவில்லை. தூரத்திலே கண்டார்கள், நம்பினார்கள், அணைத்துக்கொண்டார்கள். அவர்கள் பனை வைத்தவர்கள்.

நட்டவர் மட்டும் இழந்து போனாரா?

ஆனால் பிரியமானவர்களே, இங்கே நிறுத்திவிட்டால் என் தியானம் குறையுள்ளதாகிவிடும். பின்வரும் தலைமுறை பலனை அனுபவிக்கும் என்பது நல்ல செய்திதான். ஆயினும் அந்த விதவைச் சகோதரிக்கு அது போதுமான பதில் அல்ல. அவருடைய கணவரின் காரியம் என்ன? காத்திருந்தே மரித்த ஆபிரகாமின் காரியம் என்ன? கர்த்தர் வாக்குக் கொடுத்தது ‘உன் சந்ததிக்கு’ என்று மட்டுமல்ல, ‘உனக்கும்’ என்றல்லவா?

இந்தக் கேள்விக்கு நம் ஆண்டவராகிய இயேசுவே பதில் தந்திருக்கிறார். உயிர்த்தெழுதல் இல்லை என்று சாதித்த சதுசேயர் அவரிடத்தில் வந்தபோது, அவர் மோசேயின் முட்செடியை நினைவூட்டினார். அந்த முட்செடியிலிருந்து கர்த்தர் தம்மை ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று அறிவித்தார். அப்போது அந்த மூவரும் மரித்துப் பல தலைமுறைகள் சென்றுவிட்டன. மக்பேலா குகையில் எலும்புகளாய்க் கிடந்தார்கள். ஆயினும் அவர் ‘அவர்களுடைய தேவனாயிருந்தேன்’ என்று இறந்தகாலத்தில் பேசவில்லை. அவர் மரித்தோருக்கு அல்ல, ஜீவனுள்ளோருக்கே தேவன் என்று இயேசு முடித்தார்.

உயிர்த்தெழுதல் உண்டு என்பதற்கு இயேசு அன்று எடுத்துக்காட்டிய சான்று, தேவனுடைய உடன்படிக்கை உண்மையே. நான் உன் தேவன் என்று அவர் ஒருவனிடத்தில் சொன்னபின், மரணம் அந்த வார்த்தையை ரத்துசெய்ய முடியாது. ஆபிரகாம் கல்லறையோடு முடிந்துவிட்டால், தேவன் அவனுக்குக் கொடுத்த வார்த்தையும் கல்லறையோடு முடிந்துவிடும். தேவனுடைய வார்த்தை முடிவதில்லை. ஆகவே ஆபிரகாமும் முடிவதில்லை.

பல வாரங்களுக்குப் பின் அந்தச் சகோதரியின் வீட்டிற்குச் சென்றபோது இதையே அவரிடம் பகிர்ந்துகொண்டேன். “அம்மா, உங்கள் கணவருக்கு எழுபது, எண்பது ஆண்டுகள் என்று கர்த்தர் உடன்படிக்கை செய்யவில்லை. அவருடைய ஞானஸ்நானத்தில், திருவிருந்தில், ‘நான் உன் தேவன்’ என்று உடன்படிக்கை செய்தார். அந்த வார்த்தையில் அவர் இன்றும் நிற்கிறார். ஆகஸ்ட் மாதத்தில் அது முறிந்துபோகவில்லை” என்றேன். அவர் அழுதார். சமாதானமடைந்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “அப்படியென்றால் இன்றைக்கும் அவர் கர்த்தருடைய கணக்கில் இருக்கிறார்” என்று மெதுவாகச் சொன்னார். வேதபண்டிதர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இந்த நிச்சயத்துக்கு நாம் செலுத்திய விலை எதுவும் இல்லை. துண்டங்களின் நடுவே நடந்தவர், உடன்படிக்கை முறிந்தபோது அதன் சாபத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். முறித்தவர்கள் நாம். பிளவுண்டது அவருடைய சரீரம். காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில் அவர் பாத்திரத்தை எடுத்து, தமது இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்று அதைத் தம் சீஷருக்குக் கொடுத்தார். எரேமியா 31-ஆம் அதிகாரத்தில் முன்னறிவிக்கப்பட்ட புதிய உடன்படிக்கை அதுவே. அந்த அதிகாரத்தின் அடுத்த பக்கத்தில்தான் ஆனதோத்தின் கிரயப்பத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் நாள் காலை, கல்லறை திறந்திருந்தபோது, தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ‘ஆம்’ என்றும் ‘ஆமென்’ என்றும் உறுதியாயின.

நாம் செய்யவேண்டியது

இந்தச் சத்தியத்தின் வெளிச்சத்தில் நான்கு காரியங்களை உங்கள் சிந்தைக்கு வைக்கிறேன்.

ஒன்று, வாக்குத்தத்த வசனத்தை அது நிற்கும் இடத்தில் வைத்து வாசியுங்கள். எரேமியா 29:11 நம்மில் அநேகருக்குப் பிரியமான வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அந்தக் கடிதம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்டது. 70 ஆண்டுகளுக்குப் பின்பே திரும்புவீர்கள் என்று அது சொல்கிறது. வாசித்த முதியவர்கள் அதன் நிறைவேறுதலைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. ஆயினும் வீடு கட்டவும், தோட்டம் போடவும், தாங்கள் குடியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அட்டையில் இருக்கும் ஒரு வரி, முழு அதிகாரத்துக்குள் நுழைய நமக்கு வாசலாக இருக்கட்டும்.

இரண்டு, துக்க வீட்டில் நம் நாவைக் காத்துக்கொள்வோம். விசுவாசம் குறைவுபட்டதால்தான் வாக்குத்தத்தம் நிறைவேறவில்லை என்ற சொல்லை எவரிடமும் சொல்லாதிருங்கள். ஆபிரகாமின் விசுவாசத்தைவிடப் பெரிய விசுவாசத்தை நாம் யாரிடம் கேட்கப்போகிறோம்? அவனும் ஒரு கல்லறையை விலைகொடுத்து வாங்கினான்.

மூன்று, பறவைகளைத் துரத்திக்கொண்டிருங்கள். ஆபிராமின் காத்திருப்பு சோம்பலாயிருக்கவில்லை. கர்த்தர் வந்து சேரும்வரை, அவர் கட்டளையிட்டு வைக்கச் சொன்னதை அவன் காத்துக்கொண்டிருந்தான். பதில் வராத நாட்களில் அனுதின ஜெபமும், ஓய்வுநாள் ஆராதனையும், நோயுற்றவரைக் காணச் செல்வதும், கொடுத்த வாக்கைக் காப்பதும் நம்முடைய காவல் வேலை. தேவன் உடன்படிக்கையில் உண்மையுள்ளவர் என்று பாடுகிற நாம், திருமண உடன்படிக்கையிலும், கூலிக்காரருக்கு ஒப்புக்கொண்ட கூலியிலும், வயது சென்ற பெற்றோரைப் பராமரிப்பதிலும் சொல் தவறாதவர்களாய் இருக்கவேண்டும்.

நான்கு, பத்திரத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். எரேமியா அதை மண்பாண்டத்தில் வைத்தது, தன்னைவிட நீண்டநாள் அது இருக்கும்படியே. குடும்ப ஜெபத்தில் வேதவசனத்தை வாசிக்கும்போதும், கர்த்தர் உங்களை நடத்திவந்த விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் நீங்கள் அதையே செய்கிறீர்கள். அவர்கள் இன்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். பனங்கொட்டை முளைப்பதும் மண்ணுக்கு மேல் உடனே தெரிகிறதில்லை. முதலில் கீழ்நோக்கியே அது இறங்குகிறது.

ஜெபிப்போம்.

உடன்படிக்கையைக் காக்கிற எங்கள் தேவனே, உமது வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைகளை நினைத்தருளும். பிரியமானவர்களைக் கல்லறையில் வைத்துவிட்டு வெறுமையாய் வீடு திரும்பியவர்களைத் தேற்றும். உம்மிடத்தில் கேள்வி கேட்கிறவர்களை உமது சமுகத்தைவிட்டுத் தள்ளாதேயும். எங்கள் கண்கள் காணாத நாட்களிலும் நீர் உண்மையுள்ளவர் என்று நம்ப எங்களுக்குப் பெலன் தாரும். நாங்கள் நட்டதின் பலனை எங்கள் பிள்ளைகள் காணட்டும். நட்டவர்களும் அறுப்பவர்களும் ஒன்றாய் உமது பந்தியில் அமரும் நாளுக்கு எங்களை ஆயத்தப்படுத்தும். தமது இரத்தத்தினால் புதிய உடன்படிக்கையை உறுதிப்படுத்தின இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் இந்த வாரம் முழுவதும் உங்கள் இல்லங்களில் தங்கியிருப்பதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்